பங்கார் கடையும் பந்தயத் தடமும்: வீட்டில் கட்டப்படும் அசையும் சிமுலேட்டரின் வரலாறு

2023 அக்டோபர் 30 முதல் மும்பைச் சாலைகளில் பிரீமியர் பத்மினி டாக்சி ஓடுவது நின்றுபோனது. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகியிருந்தது. டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டு வயது வரம்பு அத்துடன் முடிந்தது. அந்தக் கார் பிறந்ததும் இதே நகரில்தான். வால்சந்த் ஹிராசந்த் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் குர்லா ஆலையில் அது உருவானது. நாளிதழ்கள் கறுப்பு மஞ்சள் வண்ணத்துக்கு விடைகொடுத்து எழுதின. ஆனால் ஒரு கார் சாலையிலிருந்து விலகும்போது அதன் வாழ்வு முழுதும் முடிந்துவிடுவதில்லை. அதன் கதவும் கண்ணாடியும் இருக்கையும் மோட்டாரும் தனித்தனியே பிரிந்து வேறு வாழ்வு பெறுகின்றன. தமிழகத்தில் காயலாங்கடை எனப்படும் அந்த இடத்தை மும்பையில் பங்கார் கடை என்பர். தாராவித் தமிழர் நாவிலும் அச்சொல்லே வழங்குகிறது.

அவ்வாறு பிரியும் உறுப்புகளுள் மழைநீரைத் துடைக்கும் வைப்பரின் மோட்டாரும் ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சிறு மோட்டார், கடந்த இருபது ஆண்டுகளில் உலகின் பல நாடுகளில் எதிர்பாராத பணி ஒன்றை ஏற்றிருக்கிறது. கார்ப்பந்தயக் கணினி விளையாட்டுகளை ஆடுவோர் தம் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் அசையும் சிமுலேட்டர்களுக்கு அதுவே தசையாக விளங்குகிறது. திரையில் கார் வளையும்போது இருக்கை சாயும். பிரேக்கை மிதிக்கும்போது முன்னே கவிழும். மேட்டில் ஏறி இறங்கும்போது குலுங்கும். இதைப் பொழுதுபோக்கு எனக் கூறிக் கடந்துவிடலாம். ஆயினும் இக்கருவியின் நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டினால் ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. பணமின்றியே தவறு செய்து பழகும் வாய்ப்பைத் தேடியவர்கள், வேறொரு தொழிலின் மிச்சப் பொருளை எடுத்தே இக்கருவியைப் பலமுறை உருவாக்கியிருக்கிறார்கள்.

தொடக்கம் ஒரு மரப்பீப்பாய். 1910ஆம் ஆண்டையொட்டி, பிரான்சில் அன்ட்வானெட் என்னும் ஒற்றை இறக்கை விமானத்தை ஓட்டக் கற்பதற்காக, பீப்பாயின் இரு பாதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரு பயிற்சிக் கருவி செய்தனர். மாணவர் மேலே அமர்ந்துகொள்வார். உதவியாளர்கள் கையால் பிடித்துப் பீப்பாயை ஆட்டுவர். முன்னே உள்ள குறுக்குச் சட்டம் தொடுவானத்தோடு ஒன்றி நிற்கும்படி மாணவர் சக்கரங்களைத் திருப்பிச் சமன்செய்ய வேண்டும். மோட்டார் கிடையாது, மின்சாரமும் கிடையாது. மனிதக் கைகளே இயந்திரம். எனினும் அடிப்படைக் கருத்து முழுமையாக அங்கே இருந்தது: தரையை விட்டு எழாமல் வானத்துத் தவறுகளைச் செய்து பார்ப்பது.

அக்கருத்துக்கு முறையான இயந்திர வடிவம் தந்தவர் அமெரிக்காவின் பிங்காம்டன் நகரைச் சேர்ந்த எட்வின் லிங்க். 1904இல் பிறந்த இவருடைய தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் ஆலை நடத்தியவர். லிங்க் 1920இல் தம் முதல் விமானப் பாடத்துக்கு 50 டாலர் கொடுத்தார். அக்காலத்தில் அது சிறிய தொகையன்று. அந்தப் பாடத்தில் பயிற்றுநரே விமானத்தைச் சுழற்றியும் புரட்டியும் காட்டினார். கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடும் வாய்ப்பே மாணவருக்குக் கிட்டவில்லை. பணம் கட்டியும் பழக முடியாத அந்த ஏமாற்றம் அவரை விடவில்லை. 1920களின் பிற்பகுதியில், தந்தையின் ஆலையின் கீழ்த்தளத்தில், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டு ஒரு குட்டி விமானத்தைக் கட்டினார். சுருதிப்பெட்டியையோ ஆர்மோனியத்தையோ திறந்து பார்த்தவர்களுக்கு அந்தத் துருத்தியின் வேலை எளிதில் விளங்கும். காற்று நுழைந்தால் அது விரியும். காற்று வெளியேறினால் சுருங்கும். மாணவர் கைப்பிடியை அசைத்தால் வால்வு திறந்து ஒரு துருத்தி சுருங்கும், எதிர்ப்புறத் துருத்தி விரியும். விமானம் அப்பக்கம் சாயும்.

இக்கருவிக்காக லிங்க் 1929இல் விண்ணப்பித்து 1931இல் பெற்ற காப்புரிமையின் தலைப்பு கவனிக்கத்தக்கது. மாணவ விமானிகளுக்கான பயிற்சிக் கருவி என்றும் கேளிக்கைச் சாதனம் என்றும் இரண்டையும் சேர்த்தே அது பெயரிடுகிறது. தொடக்கத்தில் அதை வாங்கியவர்களுள் கேளிக்கைப் பூங்காக்காரர்களே மிகுதி. விமானப் பள்ளிகள் அதை விளையாட்டுப் பொருளாகவே கருதின. விளையாட்டு எது, பயிற்சி எது என்ற கேள்வி இக்கருவியோடு உடன்பிறந்தது.

அக்கேள்விக்கு விடை 1934இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் தனியார் விமான நிறுவனங்களின் அஞ்சல் ஒப்பந்தங்களை அமெரிக்க அரசு ரத்துசெய்து, அஞ்சல் சுமக்கும் பணியை இராணுவ விமானப் பிரிவிடம் ஒப்படைத்தது. பனியிலும் இருளிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அவ்விமானிகளுக்குப் போதவில்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் விபத்துகளில் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் லிங்க்கின் கருவியை நாடியது; 1934 சூனில் ஒன்று 3,500 டாலர் விலையில் ஆறு கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது சுமார் 10,000 கருவிகள் செய்யப்பட்டன; 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விமானிகள் அவற்றில் பயின்றனர். இசைக்கருவியின் துருத்தி உயிர்காக்கும் கருவியாயிற்று. கண்டுபிடிப்பு முன்பே இருந்தும் அதன் தேவையை உணர உயிர்கள் போக வேண்டியிருந்தது.

அடுத்த கட்டத்தின் மூலப்பொருள் கார் டயர். பர்மிங்காமில் டன்லப் நிறுவனப் பொறியாளர் எரிக் கௌ, பல திசைகளில் சேர்ந்து விழும் சுமையை டயர் எவ்வாறு தாங்குகிறது என்று சோதிக்க விரும்பினார். அதற்காக, நீளத்தை மாற்றத்தக்க ஆறு கால்கள் தாங்கும் மேடை ஒன்றை வகுத்தார். 1954இல் அது இயங்கத் தொடங்கியது. ஆறு கால்களையும் தனித்தனியே நீட்டிக் குறுக்கினால் மேடையை முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என மூன்று வகையில் நகர்த்தலாம். மூன்று அச்சுகளில் சாய்க்கவும் திருப்பவும் செய்யலாம். 1965இல் ஸ்டூவர்ட் என்பவர் விமானச் சிமுலேட்டருக்கு ஏற்ற ஆறு இயக்க மேடை குறித்து ஆய்வுரை வெளியிட்டார். அதன்பின் இவ்வகை மேடைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் கிளாஸ் கப்பெல் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் தனியே இவ்வடிவத்தை அடைந்தார். இன்று விமான நிறுவனங்களின் பயிற்சி மையங்களில் ஹைட்ராலிக் அல்லது மின்கால்களின்மேல் அசையும் விமானி அறைகள் இம்மரபில் வந்தவை. ஆனால் அவற்றின் விலை தனிமனிதர் நினைத்தும் பார்க்க முடியாதது.

நிலையாக ஓரிடத்தில் நிற்கும் மேடை, ஓடும் வண்டியின் உணர்வை எவ்வாறு தருகிறது? இங்கேதான் உடலின் ஒரு குறைபாடு உதவுகிறது. மனிதனின் உட்செவியில் சமநிலையை உணரும் உறுப்புகள் உள்ளன. அவற்றுள் ஒருவகை உறுப்பு, உடல் பின்னோக்கிச் சாய்வதையும் வண்டி வேகமெடுப்பதையும் பிரித்தறியாது. இரண்டிலும் முதுகு இருக்கையில் அழுந்துவதாகவே தெரிவிக்கும். திரையில் சாலை விரைந்து ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்கையை மெல்லச் சாய்த்தால், கண்ணும் செவியும் சேர்ந்து அதை வேகம் என்றே மூளைக்குச் சொல்லும். சாய்வு நொடிக்குச் சுமார் 2 அல்லது 3 பாகைக்கு மேல் விரைவானால் சுழற்சியை உணரும் வேறு உறுப்பு விழித்துக்கொள்ளும், ஏமாற்று அம்பலமாகும். 10 பாகை சாய்த்தால் கிடைப்பது புவியீர்ப்பில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியான அழுத்தம் மட்டுமே. உண்மையான பந்தயக் காரில் பிரேக்கை மிதிக்கும்போது புவியீர்ப்பைப் போல் பன்மடங்கு விசை உடலைத் தாக்கும். எனவே எந்தச் சிமுலேட்டரும் உண்மையின் அளவைத் தருவதில்லை. உண்மை வரும் நேரத்தையும் திசையையுமே தருகிறது. பழகுவோர்க்குப் பெரிதும் வேண்டியது அதுவே. பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும் கணத்தை முதுகு அறிந்துகொண்டால், கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருத்தும்.

இந்த ஏமாற்றுக்கலை மீண்டும் கேளிக்கைக்குத் திரும்பியது 1980களில். ஜப்பானின் சேகா நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஹேங்-ஆன் விளையாட்டில் ஆடுபவர் மோட்டார் சைக்கிள் வடிவப் பெட்டியின்மேல் அமர்ந்து தம் உடல் எடையாலேயே அதைச் சாய்க்க வேண்டும். அதில் மோட்டார் இல்லை. பின்வந்த பெட்டிகளில் மோட்டார்கள் சேர்ந்தன. 1990இல் வந்த ஆர்360 ஆடுபவரைத் தலைகீழாகவே சுழற்றியது. இவை விளையாட்டு அரங்குகளுக்குரியவை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் காசு போட வேண்டும். வீட்டுக்கு வர அவற்றால் இயலவில்லை.

அதற்கு வழிதிறந்தவை 2000களில் வந்த சில மாற்றங்கள். லைவ் ஃபார் ஸ்பீட், ஆர்ஃபாக்டர் போன்ற கணினிப் பந்தய விளையாட்டுகள், காரின் வேகமாற்றம், சாய்வு, எஞ்சின் சுற்று ஆகிய எண்களை வேறு நிரல்கள் படிக்கும்படி ஒவ்வொரு நொடியும் பலமுறை வெளியிடத் தொடங்கின. அவ்வெண்களை இருக்கையின் அசைவாக மாற்றும் எக்ஸ்-சிம், சிம்டூல்ஸ் முதலிய மென்பொருள்கள் ஆர்வலர்களிடம் பரவின. 2005இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ என்னும் மலிவான கட்டுப்பாட்டுப் பலகை, மின்னணுப் படிப்பு இல்லாதவர்க்கும் மோட்டாரை ஆளக் கற்பித்தது. தசை மட்டுமே தேவைப்பட்டது. அதைப் பழைய கார்கள் தந்தன.

வைப்பர் மோட்டார் தேர்வானதற்குத் தக்க காரணம் உண்டு. அதனுள் திருகுப் பல்சக்கரம் இருப்பதால் அது மெதுவாகவும் வலுவாகவும் சுழலும். மின்சாரம் நின்றாலும் மேலுள்ள பாரம் அதை எளிதில் பின்னோக்கித் திருப்பிவிடாது. 12 வோல்ட்டில் இயங்கும்; எவ்வூரிலும் கிடைக்கும். சென்னை பாடியில் 1961 முதல் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் ஆலை இந்தியக் கார்களுக்குச் செய்யும் மின்பொருள்களுள் அதுவும் அடங்கும். ஆனால் ஒரே திசையில் சுழன்று கண்ணாடியைத் துடைக்கப் பிறந்த மோட்டாரை இருதிசையிலும் துல்லியமாக நிற்கச் செய்வது எளிதன்று. வைப்பரை அதன் இருப்பிடத்தில் கொண்டு நிறுத்தும் உள்தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பல மோட்டார்களில் எதிர்முனை வெளிக்கூட்டோடு இணைந்திருக்கும். அதைப் பிரித்துக் காப்பிட வேண்டும். அச்சின் முனையில் ஒரு பொட்டன்ஷியோமீட்டரைப் பொருத்தினால், மோட்டார் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அது பலகைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். விரும்பிய கோணத்துக்கும் நிற்கும் கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பலகை இடைவிடாது குறைக்கும். இருக்கையின் அடியில் நடுவே ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட், பின்னே இரண்டு மோட்டார்கள், அவற்றிலிருந்து மேலேறும் இரண்டு தண்டுகள்: இவ்வளவே எளிய வடிவம். இரண்டும் ஒருங்கே ஏறினால் இருக்கை முன்னே கவியும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் பக்கவாட்டில் சாயும்.

இதில் ஆபத்தும் உண்டு. பொட்டன்ஷியோமீட்டரின் ஒரு கம்பி அறுந்தால், மோட்டார் தன் நிலையை அறியாமல் எல்லைவரை முழுவலுவோடு ஓடும். தண்டுக்கிடையில் விரல் இருந்தால் நசுங்கும். கைக்கெட்டும் தூரத்தில் அவசர நிறுத்தப் பொத்தான், ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஃபியூஸ், தண்டைச் சுற்றி மறைப்பு ஆகியவை இல்லாத சிமுலேட்டரில் எவரும் அமரலாகாது. பழைய கணினியின் பவர் சப்ளையைப் பயன்படுத்துவோர், மோட்டார் திடீரெனத் திசைமாறும்போது அது அணைந்துபோவதைக் காண்பர். மோட்டார் திருப்பி அனுப்பும் மின்னோட்டமே காரணம். இணையாக ஒரு கார் பேட்டரியை வைத்து அதைத் தாங்கச்செய்வது வழக்கம்.

இந்தியாவில் இக்கருவிக்குள்ள பொருள், இங்குள்ள கார்ப்பந்தயத்தின் வரலாற்றோடு சேர்த்துக் காணும்போதே விளங்கும். சென்னைக்கு அருகே சோழவரத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன; 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் அமைந்தது. ஓடுபாதையிலும் தடத்திலும் ஓட்டியவர்கள் பெரும்பாலும் வசதி படைத்த குடும்பத்தினர். டயர், எரிபொருள், பழுதுபார்ப்பு, தட வாடகை என்று ஒவ்வொரு சுற்றுக்கும் செலவு. ஒவ்வொரு தவறுக்கும் மேலும் செலவு. இச்சுவரில் ஒரு வாயில் திறக்க முயன்றவர் கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன். பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த அவர், 1988இல் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். வெளிநாட்டுப் பந்தயக் காருக்குக் காத்திராமல், தெருவில் ஓடும் குடும்பக் காரின் எஞ்சினே இந்திய இளைஞரைத் தடத்துக்குக் கொண்டுவந்தது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கக் காலத்தில் பழகிய கார்களுள் ஃபார்முலா மாருதியும் ஒன்று. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் காலமானார். லிங்க் ஆர்கன் துருத்தியை எடுத்ததும், அவர் மாருதி எஞ்சினை எடுத்ததும் ஒரே முறையே: கைக்கெட்டும் பொருளைக் கொண்டு எட்டாத இடத்தை அடைவது.

விளையாட்டுச் சிமுலேட்டரிலிருந்து உண்மைத் தடத்துக்குச் செல்ல முடியும் என்பதற்குச் சான்று 2008இல் கிடைத்தது. நிசான், சோனி நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஜிடி அகாடமி, கிரான் டூரிஸ்மோ விளையாட்டில் சிறந்தோரைத் தேர்ந்து உண்மைக் காரில் பயிற்றியது. அதன் முதல் வெற்றியாளரான ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோன்யெஸ், 2011 லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாம் இடம்பெற்ற அணியில் ஓட்டினார். 2014இல் அத்தேர்வு இந்தியாவுக்கும் வந்தது. 2020 ஊரடங்கில் உண்மைப் பந்தயங்கள் நின்றபோது ஃபார்முலா ஒன் அமைப்பே கணினியில் பந்தயம் நடத்தியது. விளையாட்டா, பயிற்சியா என்று லிங்க்கின் காலத்தில் எழுந்த கேள்வி, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அதே விடையைப் பெற்றது.

இனி மும்பைக்குத் திரும்பலாம். இந்நகருக்குள் நிரந்தரக் கார்ப்பந்தயத் தடம் இல்லை. ஆனால் தடத்துக்கு மாற்றாக ஒரு கருவியைக் கட்டுவதற்கு வேண்டிய அனைத்தும் சில மைல்களுக்குள் உள்ளன. 1887இல் தொடங்கி 1923இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்த விஜேடிஐ கல்லூரி, தலைமுறை தலைமுறையாக இயந்திரப் பொறியாளர்களை உருவாக்குகிறது. அதன் மாணவர்கள் தாமே பந்தயக் கார் கட்டிப் போட்டிகளுக்குச் செல்கின்றனர். அருகிலேயே ரயில்பெட்டிப் பணிமனை இருக்கிறது. செம்பூரில் 1984இல் தோன்றிய விவேகானந்தக் கல்விச் சங்கத்தின் பொறியியல் கல்லூரி மின்னணுவும் கணினியும் கற்பிக்கிறது. பலகையும் மின்சுற்றும் லேமிங்டன் ரோட்டில் கிடைக்கும். மோட்டாரும் இருக்கையும் குர்லாவின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். இரும்புக் குழாயை வெட்டி வெல்டிங் செய்து தரும் பட்டறைகளும், உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் வகைபிரிக்கும் 13ஆம் வளாகமும் தாராவியில் உள்ளன.

தாராவியின் இத்திறன் நேற்று முளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். பிறர் அருவருத்து ஒதுக்கிய பொருளிலிருந்து விலையுள்ள பொருளைச் செய்வது அவர்களுடைய வாழ்வாதாரமாயிற்று. நகரம் வீசியெறிந்ததைப் பிரித்து மறுபடி உலகுக்கு அனுப்பும் தொழிலும் அதே இடத்தில் வேரூன்றியது. அத்தொழிலில் நச்சுப் புகையும் காயமும் குறைந்த கூலியும் உண்டு. அவற்றை மறைத்து அதைப் புகழ்வது நேர்மையாகாது.

அங்கே சிமுலேட்டருக்கு முதல் தடை பணமன்று, இடம். இருக்கை மட்டும் அசையும் எளிய வடிவத்துக்கே சுமார் 12 சதுர அடி வேண்டும்; திரையும் சட்டமும் சேர்ந்து அசையும் வடிவத்துக்கு அதைப் போல் இருமடங்கு. ஒரு குடும்பம் உண்டு உறங்கும் ஒற்றை அறையில் அது சிறிய பரப்பன்று. மோட்டாரின் அதிர்வு கீழ்வீட்டுக் கூரையில் கேட்கும். ஆகவே இருக்கைமட்டும் அசைவதும், பயன்படாதபோது சுவரோரம் நிறுத்தத்தக்கதுமான வடிவமே இத்தகைய வீடுகளுக்கு ஏற்றது. கல்லூரியின் ஆய்வகமோ பகுதி நூலகமோ ஒரு கருவியை வைத்துப் பலர் முறைவைத்துப் பழகச்செய்வது இன்னும் பொருத்தம்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலத்தில் 2022இல் அதானி குழுமம் வென்றது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு தரப்படும் என 2024இல் அறிவிக்கப்பட்டது. வீடு பெரிதாவது நன்மையே. அதைப் பெறத் தாராவி மக்கள் நெடுங்காலம் காத்திருக்கின்றனர். ஆனால் பிரித்தெடுக்கும் கடைகளும் பட்டறைகளும் நகரின் நடுவிலிருந்து அகன்றால், மாட்டுங்கா மாணவர் கால்நடையாகச் சென்று பழைய இரும்பையும் அதை ஒட்டித்தரும் கையையும் ஒருசேரக் காணும் வசதி மறையும். நகரத் திட்டங்களின் கணக்கேடுகளில் இவ்வசதிக்குத் தனிப் பத்தி இருப்பதில்லை. பிங்காம்டன் ஆலையின் கீழ்த்தளத்தில் துருத்திகள் கிடந்திராவிட்டால் லிங்க்கின் கருவி பிறந்திராது. மறுசீரமைப்பு வரைபடத்தில் வீடுகளோடு பட்டறைக்கும் பங்கார் கடைக்கும் உரிய இடம் குறிக்கப்படுகிறதா என்பதை, தொழில்நுட்ப வரலாற்றில் அக்கறையுள்ளோரும் கவனித்து வர வேண்டும்.